தோட்ட வரலாற்றைக் கூடி எழுதுதல்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து விக்கித் தளத் தேர்வு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி தோட்டப்புறங்களில் நிகழ்ந்தது. ஆயினும் அவ்வரலாற்றில் தோட்டத்து மக்களே தம் கைப்பட எழுதிய பகுதி மிகச் சிறிது. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் காலனித்துவ அரசின் தொழிலாளர் துறைப் பதிவுகளிலும் தோட்டம் ஒரு பரப்பளவாகவும் தொழிலாளர் ஓர் எண்ணிக்கையாகவுமே இடம்பெற்றுள்ளனர். பிரட்டுக்களம் எங்கிருந்தது, ஆயாக்கொட்டகையை யார் பார்த்துக்கொண்டார், மாரியம்மன் கோயிலுக்குக் கல் எவ்வழியாக வந்தது என்பன போன்ற செய்திகள் மக்களின் நினைவில் மட்டும் உள்ளன. அந்நினைவைச் சுமந்த தலைமுறை இன்று முதுமை எய்திவிட்டது.

இந்நிலையில், பொதுமக்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுகூடித் தத்தம் தோட்டத்தின் வரலாற்றை இணையத்தில் எழுதுவதற்கு விக்கித் தளம் ஏற்ற கருவியாகும் என்னும் கருத்து கல்வியாளரிடையே அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. கருத்து சரியானதே. எனினும், எத்தகைய விக்கித் தளம், யாருடைய வழங்கியில், எந்த நிபந்தனையின்பேரில் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் தொடங்கப்படும் முயற்சி சில ஆண்டுகளில் சுவடின்றி மறைந்துவிடக்கூடும். இவ்வினாக்களை நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விக்கி: பொருளும் தோற்றமும்

விக்கி என்பது படிப்பவரே திருத்தவும் கூட்டவும் இயலும் வகையில் அமைந்த இணையப் பக்கங்களின் தொகுதியாகும். வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கக் கணினியாளர் 1995ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல் விக்கித் தளத்தைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் விரைவு என்று பொருள். ஹொனலுலு வானூர்தி நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அவர் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்.

விக்கியின் இன்றியமையாக் கூறுகள் மூன்று. முதலாவது, எவரும் திருத்தக்கூடிய பக்கம். இரண்டாவது, ஒவ்வொரு திருத்தத்தையும் நாள், நேரம், திருத்தியவர் பெயர் ஆகியவற்றோடு பாதுகாக்கும் திருத்த வரலாறு. மூன்றாவது, கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொள்வதற்கான உரையாடல் பக்கம். இவற்றுள் முதற்கூறே பலருக்கும் தெரியும். வரலாற்றாய்வாளருக்கோ ஏனைய இரண்டுமே பெரிதும் வேண்டப்படுவன. ஒரு கோயில் 1906இல் கட்டப்பட்டது என்று ஒருவரும், 1912இல் கட்டப்பட்டது என்று இன்னொருவரும் எழுதுவதாகக் கொள்வோம். அச்சு நூலாயின் பதிப்பாசிரியர் ஒன்றை ஏற்று மற்றொன்றை விடுத்திருப்பார். விடுத்ததன் காரணம் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. விக்கியில் இரண்டு கூற்றுகளும், அவற்றைக் கூறியோரும், கூறிய சான்றும் நிலைத்து நிற்கும். தோட்டம் விற்கப்பட்டுக் கோயிலை இடம் மாற்றும் பேச்சு எழுகையில் கோயிலின் வயது ஒரு வழக்கின் சான்றாகவே மாறிவிடும் என்பதைத் தோட்டப்புறத்தார் நன்கறிவர். ஆதலால், ஓர் ஆண்டு எண் எப்படிப் பெறப்பட்டது என்பதற்கான தடயம் மிகவும் இன்றியமையாதது.

3. நெகிரி செம்பிலான் தோட்டங்கள்: கூடி எழுத வேண்டியதன் தேவை

சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், கோலா பிலா, ஜெம்போல், ஜெலுபு ஆகிய ஏழு மாவட்டங்களைக் கொண்டது நெகிரி செம்பிலான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட இரப்பர்ப் பெருக்கத்தின்போது இம்மாநிலத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கித்தாக்காடாக மாறியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையின் வழியே தமிழர் மிகுதியாக வந்தனர். உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்று மலாயாவுக்குப் பெயர்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. 1942-43இல் தோட்டத் தொழிலாளர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாது போயினர். அவர்களுள் பலருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டமையும், அதனை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமையும் யாவரும் அறிந்தவை. அதன்பின் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் நீலாய், செனவாங், ஸ்ரீ செண்டாயான் ஆகிய வட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயங்கள் இருந்த இடத்தை இன்று அடையாளங்காட்ட வல்லோர் சிலரே.

ஆவணங்கள் சிதறியமைக்கு உடைமை மாற்றமும் ஒரு காரணமாகும். கத்ரி நிறுவனம் 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் மலேசியர் கைக்கு மாறியது. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் 2007இல் ஒன்றாக இணைந்தன. அவ்விணைப்பில் உருவான தோட்ட நிறுவனம் 2024இல் எஸ்.டி. கத்ரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரே தோட்டம் ஒரு நூற்றாண்டுக்குள் பல முதலாளிகளைக் கண்டிருக்கலாம். ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் செக்ரோல் ஏடுகளும் வரைபடங்களும் இழக்கப்பட்டிருக்கலாம். நிறுவனக் காப்பகம் ஒன்றை மட்டும் நம்பித் தோட்ட வரலாற்றை எழுத இயலாது என்பது இதனால் பெறப்படும்.

எஞ்சியிருப்பவை பள்ளிகளும் கோயில்களும் மக்களின் நினைவும் ஆகும். லாடாங் சுவா பெத்தோங், லாடாங் லின்சம், லாடாங் பிராட்வால், லாடாங் ஜெராம் பாடாங், லாடாங் கெடிஸ் எனத் தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் பல. பள்ளியின் வருகைப் பதிவேடும் ஆண்டு மலரும் தோட்டத்தின் மறைமுக வரலாறேயாகும். இவை ஓரிடத்தில் இல்லை. ஒருவரிடத்தும் இல்லை. ஒரு புகைப்படம் சிரம்பானில் ஒரு வீட்டிலும், அதிலுள்ளோரின் பெயரறிந்தவர் சிலாங்கூரில் பிள்ளைகளின் வீட்டிலும் இருப்பர். சிதறிக் கிடக்கும் அறிவைத் தொகுக்கச் சிதறிய இடங்களிலிருந்தே எழுதக்கூடிய கருவி வேண்டும். விக்கி இங்குத்தான் பொருத்தமுறுகின்றது.

4. தமிழில் காணப்படும் மூன்று முன்மாதிரிகள்

தளத்தைத் தேர்வதற்கு முன் தமிழில் ஏற்கெனவே நிகழ்ந்துள்ள முயற்சிகளை நோக்குதல் தகும். அவை மூன்று வேறு கொள்கைகளைக் காட்டுகின்றன.

4.1 தமிழ் விக்கிப்பீடியா

ஆங்கில விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்தில் ஆற்றிய பணி முதன்மையானது. 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. மலேசிய ஊர்கள் பற்றிய கட்டுரைகள் பெருகியதில் மலாக்கா முத்துக்கிருஷ்ணன் போன்றோரின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

இத்தளத்திற்கு நாம் எதுவும் செலவிட வேண்டியதில்லை, நிலைபேறும் உண்டு. ஆயினும், அது ஒரு கலைக்களஞ்சியம். வெளியான சான்று இல்லாத செய்தியையும், எழுதுபவரின் சொந்த ஆய்வையும் அது ஏற்பதில்லை. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வாய்மொழியாகக் கூறும் செய்தி எத்துணை உண்மையாயினும் ஆங்கு இடம்பெறுதல் அரிது. வாய்மொழிச் சான்றுகளை மேற்கோளாக ஏற்பது குறித்து 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விக்கிமீடியா சார்ந்த ஒரு சோதனை முயற்சி மேற்கொள்ளப்பட்டது. எனினும் அது பொதுநெறியாக நிலைபெறவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் பட்டறிவில் இன்னொன்றும் கருதத்தக்கது. கூகுள் நிறுவனம் ஊதியம் தந்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அத்தளத்தில் சேர்த்தபோது, அக்கட்டுரைகளின் மொழிநடையும் தரமும் தன்னார்வப் பங்களிப்பாளரின் கடும் திறனாய்வுக்கு உள்ளாயின. அத்திறனாய்வு 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலும் முன்வைக்கப்பட்டது. கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் ஒரு தளம் வளர்ந்துவிடாது என்பதும், தளத்தைப் பேணும் மக்கள் கூட்டமே அதன் உயிர் என்பதும் இதனால் விளங்கும்.

4.2 நூலகம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்ட நினைவு ஈழத்தமிழரிடையே ஆழப் பதிந்துள்ளது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள் ஆகியவற்றை மின்படியாக்கி இணையத்தில் வைக்கின்றது. விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி என்னும் அதே மென்பொருளையே இத்தளமும் பயன்படுத்துகின்றது. ஆனால் தளம் நூலக நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ஆவணத்தையே முதன்மைப்படுத்தும் முன்மாதிரி இது. பள்ளி மலர், கோயில் மலர் போன்ற சிறு வெளியீடுகளுக்கும் ஆங்கு இடமுண்டு என்பது தோட்ட வரலாற்றாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

4.3 தமிழ் விக்கி

எழுத்தாளர் ஜெயமோகனின் முன்னெடுப்பில் 2022ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற 'தமிழ் விக்கி' இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. இங்கு எழுதப்படும் பதிவை ஆசிரியர் குழு சரிபார்த்து இறுதி செய்கின்றது. இறுதி செய்யப்பட்ட பக்கமா அன்றா என்பது பக்கத்திலேயே குறிக்கப்படுகின்றது. மலேசிய எழுத்தாளர்கள், தமிழ்ப்பள்ளிகள் பற்றிய பதிவுகளும் இதில் உள்ளன. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பதிப்பு நெறியையும் விக்கியின் வசதியையும் இணைக்கும் முயற்சியாக இதனைக் கருதலாம்.

ஆக, யாவரும் திருத்தும் தளம், ஆவணத்தைக் காக்கும் தளம், ஆசிரியர் குழு இறுதி செய்யும் தளம் என மூவகை முன்மாதிரிகள் தமிழில் உள்ளன. தோட்ட வரலாற்றுக்கு இம்மூன்றன் கூறுகளும் வேண்டும். எந்த ஒன்றும் தனித்து நின்று போதுமானதாகாது.

5. இரவல் தளங்களும் அவற்றின் நிலையாமையும்

சொந்த வழங்கி இல்லாதார்க்குப் பிற நிறுவனத்தார் தம் வழங்கியில் இடமளித்து நடத்தும் விக்கித் தளங்கள் எளிய வழியாகத் தோன்றும். பெயரைப் பதிந்தால் சில நிமிடங்களில் ஒரு விக்கி கிடைத்துவிடும். இவற்றை இக்கட்டுரையில் இரவல் தளங்கள் எனச் சுட்டுகின்றோம்.

இத்தளங்களின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது. 2005இல் தொடங்கி ஆசிரியர்களிடையே பரவலாகப் பயன்பட்ட விக்கிஸ்பேசஸ் 2018இல் தன் இலவச வகுப்பறைத் தளங்களை மூடியது. 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கூகுளின் 'நால்' 2012இல் நிறுத்தப்பட்டது. 2004இல் தொடங்கப்பெற்ற விக்கிசிட்டீஸ், விக்கியா எனப் பெயர் மாறிப் பின்னர் 2016 முதல் ஃபேண்டம் ஆகியது. இன்று அது விளம்பர வருவாயில் இயங்கும் பொழுதுபோக்குத் தளமாக உள்ளது. அங்கிருந்து ஒரு குழுவினர் வெளியேறினாலும் பழைய தளம் மூடப்படுவதில்லை. ஆகவே பேணப்படாத பழைய படியே தேடுவோர் கண்ணில் முதலில் படும் நிலை ஏற்படும். தன்னார்வலர் நடத்தும் மிராஹேஸ் என்னும் விளம்பரமற்ற சேவை 2023இல் மூடப்படும் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் பிறர் பொறுப்பேற்றதால் பிழைத்தது. வணிக நிறுவனமாயினும் தொண்டு அமைப்பாயினும் நிலையாமை பொதுவானது என்பதையே இவை காட்டுகின்றன.

இதில் எமக்கும் ஒரு பட்டறிவு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களுடன் இணைந்து ஓர் இரவல் தளத்தில் தோட்டங்கள் குறித்து நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்களை எழுதினோம். அச்சேவை முடிவுக்கு வந்தபோது பக்கங்களின் உரையை மட்டுமே மீட்க முடிந்தது. திருத்த வரலாறும் உரையாடல் பக்கங்களும் அழிந்தன. மாணவர் ஒருவர் பிரட்டுக்களம் ஆலைக்கு எதிரே இருந்தது என எழுத, முன்பு அத்தோட்டத்தில் கிராணியாக இருந்த முதியவர் ஒருவர் பேரனின் உதவியுடன் அதனைத் திருத்தி, அது முதலில் ஆற்றங்கரையில் இருந்ததையும் வெள்ளத்திற்குப் பின் இடம் மாறியதையும் உரையாடல் பக்கத்தில் விளக்கியிருந்தார். இப்பொழுது எம்மிடம் உள்ள உரையில் 'ஆற்றங்கரை' என்னும் சொல் மட்டும் எஞ்சியுள்ளது. அதை எழுதியவர் யார், எதனால் திருத்தினார் என்பதற்குச் சான்றில்லை. அம்முதியவரும் இன்று இல்லை. பிழை சேவை நடத்தியோருடையது மட்டுமன்று. முதல் பக்கத்தை எழுதும் முன்னரே வெளியேறும் வழியைச் சோதித்துப் பார்க்காத எம்முடையதும் ஆகும்.

6. தேர்வுக்கான அளவுகோல்கள்

6.1 வெளியேறும் வழி

தளத்தில் நுழைவது எப்படி என்பதினும் அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்பதே முதல் வினாவாதல் வேண்டும். உரை, திருத்த வரலாறு, உரையாடல் பக்கங்கள், படங்கள் ஆகிய நான்கையும் வேறொரு வழங்கிக்கு மாற்றத்தக்க வடிவில் பதிவிறக்க இயலுமா என்பதை நோக்க வேண்டும். மீடியாவிக்கி தன் பக்கங்களை வரலாற்றோடு ஏற்றுமதி செய்யவும் இன்னொரு மீடியாவிக்கியில் இறக்குமதி செய்யவும் வழி தருகின்றது. படக்கோப்புகளை மட்டும் தனியே படியெடுத்தல் வேண்டும். தனக்கே உரிய வடிவத்தில் சேமிக்கும் தளங்களில் இவ்வசதி குறைவு. ஐந்து பக்கங்களை எழுதி, ஏற்றுமதி செய்து, வேறிடத்தில் திறந்து பார்த்த பின்னரே ஆறாவது பக்கத்தை எழுதுதல் நன்று.

6.2 தமிழ் எழுத்தும் அகரவரிசையும்

இத்துறையில் மலேசியத் தமிழரின் பங்கு சிறியதன்று. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. வெவ்வேறு குறியாக்கங்கள் வழங்கிய காலம் போய் இன்று ஒருங்குறி நிலைபெற்றுவிட்டது. எனினும் சில சிக்கல்கள் எஞ்சியுள்ளன.

முதலாவது அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் தளத்தில் பகுப்புப் பட்டியல்கள் தமிழ் நெடுங்கணக்கிற்கு மாறாக அமையும். மீடியாவிக்கியில் தமிழுக்குரிய வரிசை முறையைத் தேர்ந்துகொள்ள இயலும். ஆனால் அதனைச் செய்ய வழங்கியின் அமைப்புகளைத் தொடும் உரிமை வேண்டும். இரவல் தளத்தில் அவ்வுரிமை பெரும்பாலும் நமக்கில்லை.

இரண்டாவது முகவரி நீளம். பக்கத்தின் முகவரியைப் படியெடுத்து ஒட்டும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரிவதுண்டு. 'தோட்டம்' என்னும் சொல் ஏழு குறியீடுகளால் ஆனது. முகவரியில் அது 63 குறிகளாகும். அச்சிடும் சுற்றறிக்கைகளில் இது பயன்படாது. எனவே குறுமுகவரி தரும் வசதி தளத்தில் இருத்தல் நன்று.

மூன்றாவது தேடல். தமிழில் வேற்றுமை உருபேற்கும்போது சொல்லின் வடிவு மாறுகின்றது. 'தோட்டம்' எனத் தேடுவார்க்குத் 'தோட்டத்தில்' என்பது அகப்படாமற் போகலாம். தேடலை மட்டும் நம்பாது பகுப்புகளை முறையாக அமைத்தல் இதற்குத் தீர்வாகும்.

6.3 பெயர் வேறுபாடுகள்

ஒரு தோட்டத்திற்கு நிறுவனப் பதிவில் ஆங்கிலப் பெயர், அரசுப் பதிவில் மலாய்ப் பெயர், மக்கள் வழக்கில் தமிழ்ப் பெயர் என மூன்று பெயர்கள் இருத்தல் கூடும். தமிழ் எழுத்துப்பெயர்ப்பிலும் லின்சம், லின்சும் எனவும் போர்ட்டிக்சன், போர்ட் டிக்சன் எனவும் வேறுபாடுகள் உள. எல்லாப் பெயர்களிலிருந்தும் ஒரே பக்கத்திற்கு இட்டுச் செல்லும் வழிமாற்று வசதி விக்கியில் உண்டு. பக்கத்தின் தலைப்பாக உடைமையாளரின் பெயரைக் கொள்ளாது இடப்பெயரைக் கொள்ளுதல் வேண்டும். உடைமை மாறும், இடம் மாறாது.

6.4 திருத்தும் உரிமை

முழுதும் திறந்த தளம் விளம்பரக் குப்பைகளுக்கு இரையாகும். முழுதும் மூடிய தளம் முதியோரையும் வெளியூராரையும் விலக்கும். பதிவு செய்த எவரும் எழுதலாம், உரையாடல் பக்கத்தில் பதிவு செய்யாதாரும் கருத்துரைக்கலாம், ஆசிரியர் குழு சரிபார்த்த பக்கத்திற்கு அடையாளம் இடலாம் என்னும் இடைவழி பொருத்தமானது. இவ்வாறு படிநிலை உரிமைகளை வகுக்கத் தளம் இடந்தர வேண்டும். கைப்பேசியில் எழுத இயலுமா என்பதையும் ஆராய வேண்டும். தோட்டப்புறத்துக் குடும்பங்களில் கணினியினும் கைப்பேசியே மிகுதி.

6.5 தனிமனிதர் காப்பு

மானிடவியலாளர் இரவீந்திர ஜெயின் 1970இல் வெளியான தம் நூலில், தாம் ஆய்ந்த மலாயாத் தோட்டத்தைப் 'பால் மலாயு' என்னும் புனைபெயரால் சுட்டினார். ஆய்வாளர் தோட்டத்தின் பெயரை மறைத்தார். நாமோ பெயரை வெளிப்படுத்தவே விக்கியை நாடுகின்றோம். இவ்விரு அறங்களுக்கும் இடையிலான இழுபறியைத் தளத்தைத் தேரும்போதே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பு ஊர், சாதி, உறவு ஆகியவற்றின் வழியே நிகழ்ந்தமையால் பழைய பட்டியல்களில் சாதிப்பெயர்கள் மலிந்துள்ளன. கடன், நோய், கள்ளுக்கடைப் பூசல் ஆகியனவும் வாய்மொழியில் இடம்பெறும். இவற்றுள் உயிரோடிருப்பாரையும் அவர்தம் பிள்ளைகளையும் புண்படுத்தத்தக்கவை பொதுத்தளத்தில் ஏறலாகா.

இங்கு விக்கியின் சிறப்பே குறையாகவும் மாறும். பக்கத்திலிருந்து நீக்கிய செய்தி திருத்த வரலாற்றில் நின்றுவிடும். எனவே, குறிப்பிட்ட திருத்தத்தை வரலாற்றிலிருந்தும் மறைக்கும் அதிகாரம் நிருவாகிக்கு இருக்கின்றதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மீடியாவிக்கியில் அவ்வசதி உண்டு.

6.6 உரிமம்

விக்கிப்பீடியா 2009 முதல் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தின் 'ஆக்குநர் சுட்டுதல், அதேமாதிரிப் பகிர்தல்' என்னும் வகையைப் பின்பற்றுகின்றது. 2023இல் அதன் நான்காம் பதிப்பை ஏற்றது. நம் தளமும் இதனையே கொள்ளின் உரையை அங்கும் இங்கும் எடுத்தாள இயலும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தை நல்லெண்ணத்தோடு தேர்வோர், தம் உரை விக்கிப்பீடியாவுக்குச் செல்லும் வழியை அறியாமல் அடைத்துவிடுகின்றனர்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்பின் உரிமை ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். எனவே பள்ளி மலர்க் கட்டுரைகளையும் குடமுழுக்கு மலர்க் கட்டுரைகளையும் இசைவின்றி முழுமையாக எடுத்திடல் கூடாது. செய்தியைக் கொண்டு, சான்று காட்டிச் சொந்த நடையில் எழுதலாம்.

7. பரிந்துரை

மேற்கண்ட அளவுகோல்களை ஒருங்குவைத்து நோக்கின், நெகிரி செம்பிலான் தோட்ட வரலாற்றுக்குப் பின்வரும் ஏற்பாடு பொருந்தும் என்பது எம் கருத்து.

முதலாவதாக, வாய்மொழிச் செய்திகள், குடும்பப் புகைப்படங்கள், பள்ளிப் பதிவுகள் ஆகியவற்றுக்கென மீடியாவிக்கியில் இயங்கும் தனித்தளம் ஒன்றை வாடகை வழங்கியில் அமைத்தல் வேண்டும். தளப்பெயரும் வழங்கிக் கணக்கும் தனியொருவர் பெயரில் இராது ஓர் அமைப்பின் பெயரில் பதியப்படுதல் வேண்டும். ஆர்வமிக்க ஓர் ஆசிரியர் பணி மாற்றம் பெற்றுச் சென்றதும் கட்டணம் செலுத்துவாரின்றித் தளம் மறைதல் தன்னார்வ முயற்சிகளில் எளிதில் நேரக்கூடியதாகும்.

இரண்டாவதாக, தளத்தின் முழுப்படியை மாதந்தோறும் எடுத்து, குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். பல்கலைக்கழக நூலகம் ஒன்றாகலாம். மற்றொன்று நாட்டுக்கு வெளியே இருத்தல் நன்று.

மூன்றாவதாக, வெளியான சான்றுகளால் உறுதிப்படும் செய்திகளைச் சுருக்கித் தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதுதல் வேண்டும். தனித்தளம் ஆய்வாளருக்கும் தோட்டத்தாருக்கும் பயன்படும்; விக்கிப்பீடியாக் கட்டுரை உலகோர்க்கு அறிமுகமாகும்.

நான்காவதாக, இரவல் தளங்களை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. மாணவர் எழுதிப் பழகுவதற்குரிய மணல்தொட்டியாக அவற்றைக் கொள்ளலாம். மூல ஆவணத்தின் ஒரே படியை அங்கு வைத்தல் மட்டும் ஆகாது.

இவ்வேற்பாட்டிற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். தனித்தளத்தைப் பேணத் தொழில்நுட்பம் அறிந்தவர் ஒருவர் தொடர்ந்து வேண்டும். பாதுகாப்பு மேம்பாடுகளைச் செய்யாது விட்டால் தளம் ஊடுருவப்படும். இவ்வாதம் சரியானதே. அத்தகையவர் கிடைக்காத குழுவினர் தனித்தளம் தொடங்குவதினும், ஆவணங்களை நூலகம் போன்ற நிலைபெற்ற அமைப்புகளின் ஒப்புதலோடு அவற்றிடம் சேர்ப்பித்துவிட்டு, எழுத்துப் பணியைத் தமிழ் விக்கிப்பீடியாவிலோ தமிழ் விக்கியிலோ மேற்கொள்வது நல்லது. பேண இயலாத தளத்தைத் தொடங்கி மக்களிடமிருந்து புகைப்படங்களைப் பெறுதல், அவர்தம் நம்பிக்கையை ஒருமுறை வீணாக்குவதாகும். மறுமுறை கேட்டால் அவர்கள் தரமாட்டார்கள்.

8. முடிவுரை

சங்க நூல்கள் நம்மை வந்தடைந்தமைக்குக் காரணம் ஓலை வலிமையுடையது என்பதன்று. ஓலை செல்லரிக்கும். ஏட்டைப் பெயர்த்தெழுதிப் பல ஊர்களில் வைத்தவர்கள் இருந்தமையே காரணமாகும். ஒரு மடத்தில் அழிந்த பகுதி வேறொரு வீட்டு ஏட்டில் கிடைத்தது. இணையத்தளமும் ஓலையைப் போன்றதே. அதனை நிலையானது என எண்ணாது, பெயர்த்தெழுதுதற்கு இடந்தருவதா என்று மட்டும் பார்த்துத் தேர்தல் அறிவுடைமையாகும்.

தமிழாசிரியர்கள் இப்பணியில் முதற்படியாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தளம் அமையும்வரை காத்திராமல், தம் பள்ளி எந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கியுள்ளதோ அத்தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் ஒருவரைக் கண்டு, அவர் கூறுவதை அவர் இசைவோடு ஒலிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைத்தல் வேண்டும். தளத்தை அடுத்த ஆண்டும் தேர்ந்துகொள்ளலாம். அம்முதியவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.